சமையலறைத் தட்டில் பழைய ரவுட்டர்

எங்கள் வீட்டில் இணையம் சமையலறை வாசலோடு நின்றுவிடும். கோட்-டெ-நெய்ஜ் என்ற நகரப் பகுதியில் நாங்கள் இருந்தது பழைய அடுக்குமாடிக் கட்டடம். தெருப்பக்கம் முன்னறை. அதிலிருந்து நீளமான ஒடுங்கிய நடை. நடையின் முடிவில் சமையலறை. சமையலறையைத் தாண்டினால் ஒரு பின்னறை, அதன் மற்றப் பக்கம் குளியலறை. தொலைபேசி இணைப்பு முன்னறைச் சுவரில் மட்டும் இருந்ததால் மோடமும் அங்கேதான் இருந்தது. சுவர்ப் பூச்சுக்குள் இரும்பு வலை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் சிக்னலைத் தின்கிறது என்று என் கணவர் சொல்வார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடையில் போனால் திரையின் மூலையிலுள்ள கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போகும்.

பல வருடம் அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. பின்னறையில் அரிசி மூட்டையும் குளிர்கால உடுப்புப் பெட்டிகளும்தான் கிடந்தன. 2007 இலையுதிர்காலத்தில் அந்தப் பெட்டிகளை முன்னறைக்கு மாற்றிவிட்டு, என் கணவருக்கு அங்கே கட்டில் போட்டேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. ஒரு காலை, வேலையில் நின்றபடியே பெட்டியோடு விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலும் பயிற்சி நிலையத்திலுமாக ஏழு கிழமை இருந்தார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறேழு அடி நடக்கப் பழகினார். பேச்சில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "பேந்து" என்ற சொல்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'பிறகு' என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். ஏன் அந்தச் சொல் தப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி தந்த பெண், சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொள்ளும் என்று பிரெஞ்சில் விளக்கினாள். பசிக்கிறதா என்று கேட்டால் பேந்து. கால் நோகிறதா என்றால் பேந்து. கோபம் வந்தாலும் பேந்துதான், சத்தம் மட்டும் கூடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். முன்பு மாலை முழுக்க வேலையிடத்துப் பகிடிகள் சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதர் அவர்.

நான் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலத் தூரத்திலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துவதுதான் வேலை. வேலையை விட்டால் இரண்டு பேரும் எப்படிச் சீவிப்பது? கிழமையில் இரண்டு காலைகள் ஒரு பராமரிப்புப் பெண் வருவாள். மற்ற நாட்களில் அவர் தனியே. காலையில் அவரைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, யன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு, பக்கத்து மேசையில் மூடி போட்ட கோப்பையில் தேநீர் வைத்துவிட்டுப் போவேன். பதினொரு மணியளவில் அதைக் குடிப்பார். மத்தியான இடைவேளையில் பஸ் பிடித்து ஓடி வருவேன். அவருக்குச் சாப்பாடு கொடுத்து, குளியலறைக்குக் கூட்டிப்போய்வந்து, திரும்பவும் ஓடுவேன். நான் சாப்பிடுவது பஸ் தரிப்பில்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை செய்த ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அந்தக் கிழமை மத்தியான ஓட்டத்தில் பனியில் சறுக்கி விழுந்ததில் என் முழங்கை கறுத்துப் போயிருந்தது. அதை அவர் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, இப்பிடி ஒவ்வொரு நாளும் ஓடி ஓடி வந்தா நீங்களும் ஒரு நாளைக்கு விழுந்துபோடுவியள். ஒரு கமரா பூட்டுவம்."

"கமராவோ? என்னத்துக்கு?"

"வேலையிலை இருந்து இவரைப் பாக்கலாம். இவரின்ரை கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்குது. ஒரு சின்னக் கமராவை அதிலை கொழுவிவிட்டா, நிமிசத்துக்கு ஒரு படம் எடுத்து இன்ரநெற்றிலை ஒரு பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தின்ரை விலாசம் தெரிஞ்ச ஆள்தான் பாக்கேலும்."

என் கணவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னப்பா சொல்லுறியள்? வைப்பமோ?"

"பேந்து," என்றார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

அது சம்மதமா மறுப்பா என்று நான் நின்று யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் கமரா வேண்டியிருந்தது.

அண்ணை அடுத்த கிழமையே கமராவைக் கொண்டுவந்து அலுமாரியின் மேல் கதிரையைப் பார்க்க வைத்து, மடிக்கணினியோடு கொழுவினார். படம் எடுத்தது. ஆனால் பின்னறையில் சிக்னல் இல்லை. அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டார்.

"வீட்டிலை பழைய ரவுட்டர் ஏதும் கிடக்குதோ?"

கிடந்தது. போன வருடம் தொலைபேசிக் கம்பனி புது மோடம் தந்தபோது வயர் இல்லாத இணைப்பும் அதற்குள்ளேயே வந்தது. அதனால் முன்பு பாவித்த ரவுட்டர் சும்மாவாகிவிட்டது. இரண்டு அன்ரெனா வைத்த கறுப்புப் பெட்டி. என் கணவர் எதையும் எறிய மாட்டார். வயர்களைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, சப்பாத்துப் பெட்டியொன்றில் வைத்திருந்தார்.

"அப்ப காணும். புதுசு ஒண்டும் வேண்டாம்," என்றார் அண்ணை. ஒரு கடிதாசியில் செய்யவேண்டியதை எழுதித் தந்தார். "முதல்லை இதின்ரை இலக்கத்தை மாத்துங்கோ, மோடத்தின்ரை இலக்கத்தோடை முட்டக்கூடாது. பேந்து, கொம்பியூட்டருக்கு விலாசம் குடுக்கிற வேலையை இதிலை நிப்பாட்டிவிடுங்கோ. அதை மோடம் பாத்துக்கொள்ளும். ரெண்டும் விலாசம் குடுக்க வெளிக்கிட்டா வீட்டிலை சண்டைதான். அதுக்குப் பிறகு முன்னறையிலை இருந்து வயரை இழுத்துக் கொழுவினாச் சரி."

அவர் போன பிறகு நான் மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இப்படியான வேலையெல்லாம் முன்பு என் கணவர்தான் செய்வார். எனக்கு மின்னஞ்சல் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். கடிதாசியில் இருந்தபடி இலக்கத்தை மாற்றினேன். விலாசம் கொடுக்கும் இடத்தில் இருந்த சரி அடையாளத்தை எடுத்தேன். முன்னறையிலிருந்து பதினைந்து மீற்றர் வயரை நடைச் சுவரின் அடியோடு ஆணியடித்துக் கொண்டுவந்தேன். பின்னறைக்குள் கொண்டுபோகவில்லை. வாசற்படியைத் தாண்டி வயர் போனால் அவருடைய வோக்கர் அதில் தடக்கும். அதனால் ரவுட்டரைச் சமையலறைத் தட்டில், மிளகாய்த்தூள் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து பின்னறைக்குப் பத்து அடி. அந்தத் தூரத்துக்குச் சிக்னல் போகும்.

வயரைக் கொழுவினேன். வேலை செய்யவில்லை. கழற்றித் திரும்பக் கொழுவினேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

"பேந்து," என்றார் அவர் பின்னறையிலிருந்து.

"கொஞ்சம் பொறுங்கோப்பா."

"பேந்து! பேந்து!"

குளியலறைக்குப் போகவேண்டுமாக்கும் என்று எரிச்சலோடு போனேன். அவர் இடது கையை நீட்டி என் கையிலிருந்த ரவுட்டரைக் காட்டினார். கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரே வரிசையில் நான்கு துவாரங்களும், தள்ளி ஒன்று தனியாகவும் இருந்தன. நான் வயரைத் தனித் துவாரத்தில்தான் கொழுவியிருந்தேன். பார்த்தால் அதுதானே வாசல் மாதிரி இருந்தது. அவர் விரலை அதில் வைத்துத் தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு விரலை நான்கில் முதலாவதுக்கு நகர்த்தினார்.

அங்கே கொழுவினேன். பச்சை வெளிச்சம் வந்தது. மடிக்கணினியைப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தன. அவருக்கு முகத்தின் இடது பாதியில் ஒரு சிரிப்பு. சொல்லெல்லாம் போயும் அந்த அறிவு அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. நான் அவர் தலையைப் பிடித்து நெற்றியில் கொஞ்சினேன். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவின் மேசையில் இருந்தவர் ஹெயிற்றி நாட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விசயத்தைச் சொன்னதும், தன்னுடைய கணினித் திரையின் மூலையில் ஒரு சின்ன யன்னலாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க இடம் தந்தார். நிமிடத்துக்கு ஒரு படம் வரும். படத்தின் கீழ் மூலையில் எறும்பு மாதிரி வெள்ளை எழுத்தில் நேரம் இருக்கும். முதல் சில நாட்கள் நேரத்தையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். பிறகு அவரை மட்டும். நோயாளியின் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிற வழியில் மேசைப் பக்கம் தலையை நீட்டுவேன். கதிரையில் இருப்பார். என் நெஞ்சு ஆறும்.

சில நாட்களில் கதிரையைத் திருப்பிக் கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஒற்றைக் கையால் அதை எப்படித் திருப்பினார் என்று தெரியவில்லை.

"ஏனப்பா முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்? எனக்கு உங்கடை முகம் தெரியவேணுமெல்லோ?"

"பேந்து," என்றார் மெதுவாக.

நான் கதிரையைத் திரும்பவும் கமராப் பக்கம் வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் அப்படியே இருந்துவிட்டார். நாள் முழுக்கத் தன்னைப் படம் எடுப்பது ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டாலும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

கமரா வந்ததிலிருந்து மத்தியானத்தில் வீட்டுக்கு ஓடுவது குறைந்தது. முதலில் கடும் குளிர் நாட்களில் மட்டும் போகாமல் விட்டேன். சூடான சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கைக்கு எட்ட வைத்துவிட்டு, சிறுநீர் கழிக்க ஒரு போத்தலையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஜனவரி நடுப்பகுதியில் போவதையே விட்டுவிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆஸ்பத்திரிச் சாப்பாட்டறையில் மற்றவர்களோடு இருந்து சாப்பிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய ரவுட்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடைக்கிடை நின்றுவிடும். இரண்டு தடவை மாலை நேரத்தில் நான் அவருக்குச் செய்தி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் பச்சை வெளிச்சம் அணைந்து, செம்மஞ்சள் வெளிச்சம் ஒன்று மட்டும் எரியும். இரண்டு தடவையும் அவர்தான் முதலில் கண்டார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "பேந்து, பேந்து" என்பார். நான் போய் மின்சார வயரைக் கழற்றி, பத்து வரை எண்ணி, திரும்பக் கொழுவுவேன். அண்ணையிடமும் சொன்னேன். "பழசுதானே, அப்பிடித்தான் நிக்கும். கழட்டிப் பூட்டினாச் சரி," என்றார். அது நிற்கும்போது ஆஸ்பத்திரித் திரையில் என்ன தெரியும் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. விடியமுதல் தொடங்கிய பனிப்புயல். பிரிவில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அவர்களுடைய நோயாளிகளையும் நான் பார்க்கவேண்டியிருந்தது. பதினொரு மணிபோல மேசையைத் தாண்டும்போது பார்த்தேன். கதிரையில் இருந்தார். போர்வை மடியில். தேநீர்க் கோப்பை மேசையில் மூடியபடி. பன்னிரண்டரைக்குப் பார்த்தேன். அப்படியே இருந்தார். 'இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை, பிடிவாதம்' என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டறைக்குப் போனேன்.

இரண்டு மணிக்குப் பிறகு துவாய்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஹெயிற்றிப் பெண் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கள் மனுசன் இன்றைக்கு நல்ல பிள்ளை. காலையிலிருந்து அசையவே இல்லை."

நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். "இந்தப் பனியில் அவரும் எங்கே போவது?" என்றேன். அவரும் சிரித்தார்.

புயலில் பஸ் பிந்தியது. நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது நாலரை மணி. வழமைபோல நடையில் நின்றே, "வந்திட்டனப்பா," என்றேன். சமையலறையில் அடுப்பின் மணிக்கூடு பன்னிரண்டு மணி என்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் வந்திருக்கிறது. தட்டில் ரவுட்டரின் செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

அவர் பின்னறையில் நிலத்தில் கிடந்தார். கதிரைக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில், தலை வாசல் பக்கம். வோக்கர் பக்கத்தில் சரிந்து கிடந்தது. மடியிலிருந்த போர்வையில் ஒரு நுனியை இடது கையால் இழுத்துத் தோளில் போட்டிருந்தார். உடுப்பு நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் நிலத்தில் இருந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"எப்ப விழுந்தனியள்? எப்பயப்பா விழுந்தனியள்?"

என்ன கேள்வி அது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அலுமாரியின் மேல் கமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தபடி இருந்தது. மடிக்கணினி பற்றரியில் ஓடியிருக்கிறது. கமரா நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்தப் படங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. இடது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நிலத்தில் கிடந்திருக்கிறார் என்று வைத்தியர் சொன்னார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிழைத்தார். ஆனால் எழுந்து நிற்பது முடிந்துபோனது. மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லும் பிறகு வரவேயில்லை.

நாலு நாள் கழித்து லீவுக் கடிதம் கொடுக்க என் பிரிவுக்குப் போனேன். ஹெயிற்றிப் பெண் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தச் சின்ன யன்னல் இன்னும் திறந்திருந்தது. கதிரையில் என் கணவர். மடியில் போர்வை. கோப்பை மூடியபடி. கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் பத்து நாற்பத்திரண்டு.

"நானும் பார்த்தேன்," என்றார் அவர். "நாள் முழுக்க நானும் அதைத்தான் பார்த்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை." மேசையிலேயே அழத் தொடங்கினார். எனக்கு அழுகை வரவில்லை.

"மூடலாமா?" என்று கேட்டார்.

"மூடுங்கள்," என்றேன்.

அன்று மாலை அண்ணை வீட்டுக்கு வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார்.

"நான்தானே அண்டைக்கு இந்தக் கமராக் கதையை எடுத்தது. வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீங்கள் என்ன செய்வியள் அண்ணை? மத்தியானத்திலை வராமல் விட்டது நான்."

"ஏன் எழும்பினவர்? குளியலறைக்கோ?"

"இல்லை. பக்கத்திலை எல்லாம் வச்சிட்டுத்தான் போனனான். குளியலறை மற்றப் பக்கம். இவர் சமையலறைப் பக்கம் பாத்துத்தான் கிடந்தவர்."

அண்ணை பின்னறைக்குள் போனார். என் கணவரின் கதிரையில் இருந்து நேரே பார்த்தார்.

"தங்கச்சி," என்றார். "இஞ்சை இருந்து பாத்தா ரவுட்டரின்ரை லைற் தெரியுது."

நான் போய் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். திறந்த கதவு வழியாக, போத்தல்களுக்கு இடையில், தெளிவாகத் தெரிந்தது. செம்மஞ்சள் வெளிச்சம். அதை நான் இன்னும் கழற்றிப் பூட்டவில்லை.

அதன் பிறகு என் மண்டைக்குள் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடின. விழுந்து கிடந்த ஐந்து மணித்தியாலமும் கமராவின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன், பார்த்தும் வரவில்லை என்று நினைத்துக் கிடந்தாரா? அல்லது மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் நின்றுவிட்டதைக் கண்டு, படம் போகாவிட்டால் நான் பயந்துவிடுவேன் என்று, அதைக் கழற்றிப் பூட்டத்தான் எழுந்தாரா? அப்படியென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் அவர் என்னை வெறுத்திருப்பார். மற்றதில் எனக்காகவே விழுந்திருப்பார்.

கதை எங்கள் மாதா கோயிலுக்கும் போனது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து கீழ்மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, தூணுக்கு மறுபக்கம் ஒரு பெண் மற்றவளிடம் சொன்னாள்.

"மனுசன் நிலத்திலை கிடந்து துடிக்க, இவ கொம்பியூட்டரிலை பாத்துக்கொண்டு இருந்தவவாம்."

"சிரிச்சுக் கதைச்சுக்கொண்டும் நிண்டவவாம்," என்றாள் மற்றவள்.

அது யார் வழியாகப் போனதோ தெரியாது. பொய் என்று சொல்லவும் முடியாது. நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு தமிழ்ப் பூசைக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பூசைக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

ஏப்ரலில் அவருக்கு நகரின் கிழக்கே, துறைமுகப் பக்கத்தில், ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. வேலை முடிந்து பஸ்ஸும் மெட்ரோவும் திரும்பப் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணித்தியாலம். ஒவ்வொரு நாளும் போனேன். அவருடைய யன்னலால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். கொள்கலன்களைத் தூக்கி அடுக்குவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இராச்சாப்பாட்டைத் தீத்திவிட்டு, முகம் துடைத்துவிட்டு வருவேன்.

அங்கே வைத்துத்தான் அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை மே மாதத்தில்.

"நான் பாத்தனானப்பா. மூண்டு தரம் பாத்தனான். படம் நிண்டுபோச்சு. நீங்கள் கதிரையிலை இருக்கிற படம்தான் எனக்குத் தெரிஞ்சது. கரண்ட் போய் வந்ததிலை ரவுட்டர் நிண்டுபோச்சு. விளங்குதோ?"

ஒரு காலத்தில் இதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தியிருப்பார். அவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை கேள்வியாகக் கேட்டேன். "அதைப் பூட்டவோ எழும்பினனியள்? ஓமெண்டா என்ரை விரலை அமத்துங்கோ." விரலை அவருடைய இடது கைக்குள் வைத்தேன். அவர் அமத்தவில்லை. கையை இழுக்கவும் இல்லை. கேள்வி விளங்கியதா என்றே எனக்குத் தெரியாது. அப்போது அவருக்கு நல்ல நாட்களும் இருந்தன, என்னையே அடையாளம் தெரியாத நாட்களும் இருந்தன.

மூன்றாம் தடவை ஓகஸ்ட் மாதத்தில். வெக்கையான நாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். புயல், ஆள் வராதது, பதினொரு மணி, பன்னிரண்டரை. பாதியில் அவர் தன் இடது கையைத் தூக்கினார். அதைத் தூக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கொண்டுவந்து என் வாயின் மேல் வைத்தார். விரல்கள் உலர்ந்து சூடாக இருந்தன. என் முகத்தைப் பார்த்தார். போதும் என்று சொன்னாரா, மன்னித்தேன் என்று சொன்னாரா, இனி இதைக் கேட்கவே மாட்டேன் என்று சொன்னாரா, அந்தக் கண்களிலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. கை தானாகச் சரிந்து விழும்வரை நான் அசையாமல் இருந்தேன். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றாட விசயங்களை மட்டும் சொன்னேன். அண்ணையின் மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், வெண்டிக்காய் நல்லதாக வருகிறது, கீழ்வீட்டுக்காரர் மாறிப் போகிறார்கள் என்று.

ஒக்டோபரில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது இல்லத்திலிருந்து அழைத்தார்கள். திரும்பவும் நெஞ்சில் சளி. நான் போய்ச் சேர முதலே முடிந்துவிட்டது. அந்த அறையின் மற்ற மூன்று கட்டில்களுக்கும் தெரியாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

உடலைக் கழுவ ஓர் இளம் பெண் வந்தாள். வேலைக்குப் புதியவள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. நானே செய்கிறேன், என் வேலையும் இதுதான் என்றேன். அவள் சம்மதித்து, பக்கத்தில் நின்றாள். நான் சட்டைக் கையை மடித்து, வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, முகத்திலிருந்து தொடங்கினேன். கழுத்து, காதின் பின்புறம், நெஞ்சு. வலது கை எப்போதும்போல மடங்கியிருந்தது. அதை மெல்ல விரித்து, விரல்களுக்கு இடையில் துடைத்தேன்.

"தண்ணி சூடாயிருக்கோ?" என்று என் பாட்டில் அவரைக் கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தன்னிடம்தான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து, உலர்ந்த துவாயொன்றை எடுத்து என் கையில் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.